மீனோடு எந்த பீர்? காரைக்காலில் ஐந்து வகை ருசித்து எடுத்த முடிவு

தை மாதம் பெரியப்பா மகன் அண்ணன் துபாயிலிருந்து வருகிறார். குடும்பத்தில் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து காரைக்காலில் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து, மீன் சமைத்துச் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பது என்று ஏற்பாடு. மீன் அத்தான் பொறுப்பு. பீர் என் பொறுப்பு. பெங்களூரில் ஆறு வருடம் வேலை பார்த்தவன், அங்கே சின்னச் சின்ன ஆலைகளில் வடிக்கிற கிராஃப்ட் பீரையெல்லாம் குடித்துப் பார்த்தவன் என்பதால் அது என் தலையில் விழுந்தது. அண்ணன் போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ரெண்டு வகைக்கு மேல வாங்காதடா, ஆளாளுக்குக் குழம்பிடுவாங்க."

எந்த இரண்டு? பேரைப் பார்த்து வாங்கிவிட மனம் வரவில்லை. எட்டுப் பேரில் பெரும்பாலோருக்கு பீர் என்றால் ஸ்ட்ராங் பீர்தான். கிராஃப்ட் பீர் அதைவிட இரண்டு மூன்று மடங்கு விலை. அதைக் கையில் கொடுத்து, "இதுக்கா இவ்வளவு காசு?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் எனக்கு வருத்தமாகிவிடும். பெங்களூரில் குளிரூட்டிய அறையில் உருளைக்கிழங்கு வறுவலோடு நன்றாக இருந்தது, அரசலாறு கடலில் கலக்கிற ஊரில் வஞ்சிரத்தோடும் நண்டுக் குழம்போடும் அப்படியே இருக்கும் என்று சொல்லவும் முடியாது. அதனால் கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை நானும் சித்தி மகனும் கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறி காரைக்காலில் அக்கா வீட்டுக்குப் போனோம். அங்கேயே கடைகளில் தேடி, கிடைத்த ஐந்து வகையை வாங்கி, மாலை மழை விட்டதும் மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். நான், சித்தி மகன், அத்தான். அக்கா குடிக்க மாட்டாள். ஆனால் எங்கள் குடும்பத்தில் மூக்கு அவளுக்குத்தான். பால் திரியப் போகிறதா என்பதைப் பொங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். ஒவ்வொரு கிளாஸையும் முதலில் அவளிடம் நீட்டினோம்.

வைத்துக்கொண்ட முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவில் பாதி இதைப் பொறுத்தது. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். நிறமும் நுரையும் தெரியாது. ஒரே மாதிரியான கண்ணாடிக் கிளாஸ்களை முந்தின நாளே கழுவித் துடைக்காமல் கவிழ்த்து வைக்கச் சொல்லியிருந்தேன். கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது. மீன் வறுக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு சுற்றில் ஒரு வகைக்கு ஆளுக்கு 100 மில்லி. முதல் சுற்று பீர் மட்டும், இரண்டாவது சுற்று மீனோடு. நடுவில் நாக்கைத் துடைக்க வெறும் பொரியும் தண்ணீரும். பொரியைப்போல ருசியைக் கெடுக்காமல் வாயைச் சுத்தமாக்குவது வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டு சுற்றும் சேர்த்து ஆளுக்கு ஒரு லிட்டர் ஆகும் என்பதால் அன்றிரவு யாரும் வண்டியைத் தொடுவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

வரிசையில் ஒரு விஷயம். கருப்பு பீரைக் கடைசியில் வைக்கத்தான் தோன்றும். நான் கசப்பு அதிகமான ஐபிஏ என்ற வகையைக் கடைசியில் வைத்தேன். நிறம் நாக்கில் ஒட்டாது, கசப்பு ஒட்டும்.

முதலில் பில்ஸ்னர். தெளிந்த பொன்னிறம், வெள்ளை நுரை. இன்றைய செக் நாட்டில் இருக்கும் போஹிமியாவில் பில்சென் என்ற ஊரில் 1842-ல் யோசஃப் குரோல் என்ற பவேரியாக்காரர் வடித்த பீர்தான் இதற்கு மூலம். இன்று உலகம் முழுக்க விற்கிற மஞ்சள் லாகர்கள், அதாவது குளிரில் மெதுவாக நொதிக்க விட்டு எடுக்கிற பீர்கள், பெரும்பாலும் இதன் வழியில் வந்தவை. அந்த ஊர்த் தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. அதனால் சாட்ஸ் என்ற உள்ளூர் ஹாப்ஸ் பூவின் கசப்பு உறுத்தாமல் இறங்குகிறது. கும்பகோணத்தில் காபி ருசிக்குத் தண்ணீரைக் காரணம் சொல்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும்.

சித்தி மகன் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "நம்ம பீர் மாதிரிதாண்ணே இருக்கு, ஆனா கடைசில சுத்தமா முடியுது" என்றான். சரியாகச் சொன்னான். நம் ஊர் ஸ்ட்ராங் பீரும் லாகர்தான். ஆனால் அது எட்டு சதவீதம் வரை ஆல்கஹால் ஏறுவதற்காகச் செய்யப்படுவது. அரிசியும் சர்க்கரையும் சேர்த்தால் ஆல்கஹால் கூடும், பீரின் அடர்த்தி குறையும், மணம் மிஞ்சாது. அதனால்தான் அதை ஐஸ் மாதிரி குடிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் சூடு ஏறினால் சாராய நெடி மேலே வந்துவிடும். பில்ஸ்னர் ஐந்து சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். பத்து நிமிடம் கிளாஸில் இருந்தாலும் குடிக்க முடிகிறது. மீனோடு? நன்றாகவே இருந்தது. நெத்திலி வறுவலின் எண்ணெயை வழித்து எடுத்துக்கொண்டு போனது. குறை என்று எதுவும் இல்லை. ஆனால் அக்கா முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்த ஒரே கிளாஸ் இதுதான்.

லாகர் பேச்சில் ஒன்று நினைவுக்கு வந்தது. காரைக்காலுக்குக் கொஞ்சம் வடக்கே தரங்கம்பாடி. 1620 முதல் அங்கே இருந்த டேனிஷ்காரர்கள் 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அடுத்த இரண்டாம் ஆண்டு, 1847-ல், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலை தொடங்கியது. அந்த ஆலையின் ஆய்வகத்தில்தான் 1883-ல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் லாகர் ஈஸ்ட்டைத் தனியாகப் பிரித்துச் சுத்தமாக வளர்த்துக் காட்டினார். ஒவ்வொரு முறையும் ஒரே ருசியில் பீர் வடிப்பது அதற்குப் பிறகுதான் கைகூடியது. டான்ஸ்போர்க் கோட்டையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இரண்டாவது, பெல்ஜியத்து வெள்ளை பீர். விட்பியர் என்பார்கள். முளைகட்டாத பச்சைக் கோதுமையைப் பார்லி மால்ட்டோடு, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியோடு, சேர்த்து வடிப்பதால் கலங்கலாக, வெளிறிய மஞ்சளாக இருக்கும். மணத்துக்குக் கொத்தமல்லி விதையும் கசப்பு ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். ஹூகார்டன் என்ற கிராமத்தில் பல தலைமுறையாக இருந்த இந்த வகை 1950களில் கடைசி ஆலையும் மூடியதால் நின்றுபோயிருந்தது. அங்கே பால் விற்றுக்கொண்டிருந்த பியர் செலிஸ், 1966-ல் மறுபடி வடிக்கத் தொடங்கினார். ஒரு பால்காரர் இல்லையென்றால் இந்த கிளாஸ் இல்லை.

அக்கா முகர்ந்தாள். "நாரத்தங்காய் நறுக்கின கை மாதிரி இருக்கு" என்றாள். இன்னொரு முறை முகர்ந்து, "கொஞ்சம் தனியா வறுத்திருக்கா?" நான் அசந்துபோனேன். பெங்களூரில் மெனு அட்டையைப் படித்துவிட்டுத்தான் எனக்குக் கொத்தமல்லி தெரிந்தது. இவள் எதையும் படிக்கவில்லை. பீரின் கசப்பு ஆரஞ்சுத் தோலும் நம் நாரத்தையும் நெருங்கிய உறவு. உப்பில் ஊறிய நாரத்தங்காயைத் தயிர்சாதத்தோடு தொட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த மணம் புதிது இல்லை.

வஞ்சிரம் வறுவலோடு இதைக் குடித்தபோது மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. மீன்மேல் எலுமிச்சை பிழிகிற வேலையை இது செய்கிறது. மசாலாவில் இருக்கிற தனியாவும் பீரில் இருக்கிற தனியாவும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. கசப்பு மிகக் குறைவு என்பதால் மிளகாய்க் காரம் கூடித் தெரியவில்லை. நண்டுக் குழம்பு, இறால் தொக்கு, கணவாய் என எதோடும் சண்டை இல்லை. அத்தான் நாகூர் பக்கத்திலிருந்து வாங்கி வந்த வாடாவோடுகூட, அந்த அரிசி மாவு மொறுமொறுப்போடும் உள்ளே இருக்கிற இறாலோடும், பொருந்தியது. ஆல்கஹால் ஐந்து சதவீதம்தான். பொழுது சாய ஆரம்பித்ததிலிருந்து இரவுச் சாப்பாடு வரை மெதுவாகக் குடிக்கலாம்.

மூன்றாவதும் கோதுமை பீர்தான், ஆனால் ஜெர்மனிக்காரர்களுடையது: ஹெஃபவைசன். குறைந்தது பாதி முளைகட்டின கோதுமை. மசாலா, தோல் எதுவும் கிடையாது. பவேரியாவில் கோதுமை பீர் வடிக்கும் உரிமை வெகுகாலம் அரச குடும்பத்திடம் இருந்தது; 1872-ல் கியோர்க் ஷ்னைடர் என்ற ஆலைக்காரர் அந்த உரிமையை வாங்கினார். இதைக் கிளாஸில் ஊற்றும்போது கேனில் கடைசி மடக்கை மிச்சம் வைத்து, லேசாகச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட்டோடு சேர்த்து ஊற்ற வேண்டும். அந்தக் கலங்கலில்தான் ருசி இருக்கிறது.

"மூட்டம் போட்ட வாழைத்தார்" என்றாள் அக்கா, கிளாஸ் மூக்கை எட்டுவதற்குள். பிறகு, "கிராம்பு. வெத்தலையில வச்சு மடிப்போமே, அது." இரண்டும் சரி. வாழைப்பழத்தையோ கிராம்பையோ யாரும் போடவில்லை. ஈஸ்ட் நொதிக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளை உண்டாக்குகிறது. பழுக்கும் வாழையில் வருவதும் இதே பொருள்தான். கிராம்பு மணமும் அந்த ஈஸ்ட்டின் வேலையே. வாழைத் தோப்பும் கொழுந்து வெற்றிலையும் உள்ள ஊரில் பிறந்தவர்களுக்கு பவேரியாவின் ஈஸ்ட் இப்படி ஒரு மணத்தை அனுப்பிவைக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. என்னுடைய சொந்த விருப்பம் இதுதான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் மீனோடு வைத்தபோது என் விருப்பம் தோற்றது. வறுவலோடு பரவாயில்லை. புளி ஊற்றின மீன் குழம்பு வந்ததும் வாழைப்பழ மணம் தனியாகப் பிரிந்து நின்றது. குழம்புசாதம் சாப்பிட்டுக்கொண்டே நடுவில் பழத்தைக் கடித்த மாதிரி. சித்தி மகனுக்கு முதல் சுற்றில் மிகவும் பிடித்தது இது, இரண்டாவது சுற்றில் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டான். இதற்கு வேறு துணை வேண்டும். கோலா உருண்டை, பரோட்டா சால்னா, மட்டன் சுக்கா. பட்டை கிராம்பு போட்ட கறியோடு இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பக்ரீத்துக்கு மறுநாள் சேர்கிற கூட்டமாக இருந்தால் யோசிக்காமல் இதை வாங்கியிருப்பேன்.

நான்காவது ஸ்டவுட். கன்னங்கரேல். அத்தான் கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ஆளைச் சாய்ச்சிடுமே மாப்ள" என்றார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நாங்கள் குடித்தது 4.2 சதவீதம், ஐந்தில் இதுதான் குறைவு, ஸ்ட்ராங் பீரில் ஏறக்குறைய பாதி. நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. முளைகட்டாத பார்லியைக் காபிக்கொட்டை மாதிரி கருக வறுத்துப் போடுகிறார்கள், கருப்பு அதிலிருந்து வருகிறது. டப்ளினில் ஆர்தர் கின்னஸ் 1759-ல் குத்தகைக்கு எடுத்த ஆலையால் அயர்லாந்து இதற்குப் பேர்போனது. கேனுக்குள் நைட்ரஜன் வைத்த சின்னப் பிளாஸ்டிக் உருண்டை ஒன்று கிடக்கும். திறந்ததும் அது குமிழிகளை விடுவதால் நுரை பாலாடை மாதிரி மெத்தென்று நிற்கிறது. டபராவில் ஆற்றி ஊற்றின காபியின் நுரையைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த நுரையைக் கையால் தொட்டுப் பார்க்கத்தான் போகிறார்கள். சித்தி மகன் தொட்டுப் பார்த்தான்.

அக்கா சொன்னது: "காபிக்கொட்டை வறுக்கிற கடை வாசல்."

இங்கே வெயில் ஊருக்கு ஒரு சாதகம் உண்டு. ஸ்டவுட்டை அதிகம் குளிரவிடக் கூடாது. பத்து, பன்னிரண்டு டிகிரியில்தான் வறுத்த மணம் வெளியே வரும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வைத்தால் சரியான பதத்துக்கு வந்துவிடும். மற்ற வகைகளுக்குக் கெடுதலாக இருக்கிற நம் ஊர்ச் சூடு இதற்கு நல்லது. மீனோடு? தோசைக்கல்லில் போட்டு ஓரம் கருகின மீனோடு நன்றாக இருந்தது. நண்டோடு அதைவிட. அயர்லாந்தில் சிப்பியோடு ஸ்டவுட் குடிப்பது பழைய வழக்கம், அதன் காரணம் நண்டைக் கடித்தபோது விளங்கியது. உப்பும் கடல் இனிப்பும் கருகல் கசப்பை மழுக்கிவிடுகின்றன. புளிக்குழம்போடு சுமார்தான். ஆனால் சாப்பாடு முடிந்ததும் அக்கா திருவையாற்று அசோகா அல்வாவை வாழையிலைத் துண்டில் வைத்தாள். பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையும். அதன்மேல் ஒரு மடக்கு ஸ்டவுட். இனிப்புக்குப் பிறகு சர்க்கரை குறைத்த டிகிரி காபி குடிக்கிற அதே நிறைவு. அத்தான் தன் பங்கை முடித்துவிட்டு என் கிளாஸைப் பார்த்தார்.

கடைசி ஐபிஏ, இந்தியா பேல் ஏல். பேரில் இந்தியா இருப்பதால் பலரும் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். லண்டனில் போ என்ற இடத்தில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற துறைக்குப் பக்கம் என்பதால், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் பீர் இந்தியாவுக்கு ஏறியது. மாதக்கணக்கான கடல் பயணத்தைத் தாங்க ஹாப்ஸ் நிறைய வேண்டும். பீர் கெடாமல் ஹாப்ஸ்தான் காக்கும். இன்று கிடைக்கும் ஐபிஏ பெரும்பாலும் அமெரிக்க வழி. பம்பளிமாஸ், மாம்பழம், பைன் மரம் என்று மணக்கிற ஹாப்ஸ் போட்டது. ஆல்கஹால் ஆறிலிருந்து ஏழு சதவீதம். கசப்பை ஐபியூ என்ற அளவில் சொல்வார்கள். கோதுமை பீர்கள் பத்திலிருந்து இருபதுக்குள் நின்றால் இது நாற்பதிலிருந்து எழுபது வரை போகும்.

முதல் கேனைத் திறந்ததும் அக்கா முகம் சுளித்தாள். "நனைஞ்ச அட்டைப்பெட்டி." கேனின் அடியைத் திருப்பிப் பார்த்தால் தயாரித்து எட்டு மாதம். கடையில் அது வெயில் படுகிற அலமாரியில் இருந்தது, நான்தான் தேதியைப் பார்க்காமல் எடுத்திருக்கிறேன். ஹாப்ஸ் மணம் சூட்டில் சீக்கிரம் போய்விடும். பழைய பீரில் அட்டைப்பெட்டி நெடி ஏறும். வேறு கடைக்குப் போய், குளிர்பெட்டிக்குள் இருந்த இரண்டு மாதக் கேனை வாங்கி வந்தோம். அது வேறு பீர் என்றே சொல்ல வேண்டும். பம்பளிமாஸ் உரித்த மாதிரி மாடி முழுக்க மணம். கசப்பு வேப்பம்பூ ரசம் போல முதலில் அதிர்ந்து, பிறகு பிடித்துப்போகிற வகை. சுண்டைக்காய் வற்றலை விரும்பிச் சாப்பிடுகிற அத்தானுக்கு இது உடனே பிடித்தது.

ஆனால் நண்டு மசாலாவோடு வைத்தபோது வாய் எரிந்தது. ஹாப்ஸ் கசப்பும் கூடுதல் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலைக் குறைக்காது, இன்னும் ஏற்றிவிடும். காரத்தை அணைக்கத்தான் பீர் என்று நினைத்து ஐபிஏ வாங்கினால், தண்ணீர் சொம்பைத் தேட வேண்டியிருக்கும். டெல்டாவில் மாதக்கணக்கில் வெயிலில் நின்றிருக்கக்கூடிய கேன், காரமான மீன், கசப்புக்குப் பழகாத எட்டு நாக்கு. மூன்றும் இதற்கு எதிராக இருந்தன. தனியாக, மோர்மிளகாய் இல்லாத மாலையில், நிலக்கடலையோடு குடிக்க அருமையான பீர்.

ஆறாவதாகப் புளிப்பு வகை ஒன்றும் பார்க்க ஆசைப்பட்டேன், கிடைக்கவில்லை. கோஸே என்று ஜெர்மனியில் ஒரு பீர் உண்டு, உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டது. புளிப்பு லாக்டிக் அமில பாக்டீரியாவால் வருவது. நம் பழைய சோற்றுத் தண்ணீரைப் புளிக்க வைப்பதும் அந்த இனம்தான். கிடைத்திருந்தால் என் கணக்கே மாறியிருக்கலாம்.

அப்புறம் முடிவுக்கு வந்தோம். விட்பியர் பற்றி மூவருக்கும் சந்தேகமே இல்லை. இரண்டாவது இடத்துக்குத்தான் அரை மணி நேரம் பேசினோம். சித்தி மகன் பில்ஸ்னர் என்றான். "எல்லாரும் பழகினது, யாரும் குறை சொல்ல மாட்டாங்கண்ணே." அது நியாயமான பேச்சு. முப்பது பேர் வருகிற விசேஷம், யாருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாத கூட்டம் என்றால் நானும் பில்ஸ்னர்தான் வாங்குவேன். ஆனால் இது எட்டுப் பேர். ஒருவருக்கொருவர் பால்ய வயதிலிருந்து தெரிந்தவர்கள். பில்ஸ்னர் செய்கிற வேலையை மீனோடு விட்பியர் இன்னும் நன்றாகச் செய்துவிடுகிறது. அதே வேலைக்கு இரண்டாவது ஆள் எதற்கு? ஸ்டவுட் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ள நேரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆல்கஹால் குறைவு என்பதால் இரவு நீண்டாலும் யாருக்கும் தலை கனக்காது. போதையை வைத்து பீரை அளந்தவர்களுக்கு, கருப்பாக இருந்தும் லேசாக இருக்கிற ஒன்றைக் கையில் கொடுத்தால் அளவுகோலே மாறும் என்று எனக்கு நம்பிக்கை. அத்தான் ஸ்டவுட் பக்கம் சாய்ந்ததும் விஷயம் முடிந்தது.

வாங்கப் போவது விட்பியர் பதினாறு கேன், ஸ்டவுட் எட்டு. எல்லாம் காரைக்காலிலேயே, போன அன்றே, குளிர்பெட்டியிலிருந்து, அடியில் தேதி பார்த்து. ஒரு மாதம் முன்பே வாங்கி அக்கா வீட்டுப் பரணில் வைக்கும் யோசனையை அத்தான் சொன்னார், வேண்டாம் என்றேன். மிச்சமானால் அங்கேயே அத்தானிடம் விட்டுவிடுவது. வாஞ்சூர் பக்கமோ நண்டலாறு பக்கமோ தமிழ்நாட்டு எல்லை தாண்டிப் பையில் எடுத்து வருகிற பேச்சே கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

அண்ணனுக்கு போன் செய்து இரண்டின் பேரையும் சொன்னேன். "கருப்பு பீரா? காலையில எந்திரிக்க முடியுமாடா?" என்றார். 4.2 என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். "சரி, அசோகா எத்தனை கிலோ சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டார். இரண்டு கிலோ. கண்ணாடிக் கிளாஸ் ஒன்பது வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கேனும் திறந்ததும் அந்த ஒன்பதாவது முதலில் அக்கா கைக்குப் போகும்.